நெஞ்சின் நோயும் காலின் களைப்பும்



கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சுருளிப்பட்டியில், திராட்சைப் பந்தலின் கீழ் நெடுங்காலம் உழைத்த பெரியவர் ஒருவர் எனக்கு உறவினர். அவருடைய இருதயம் தளர்ந்துவிட்டது. சுருளி அருவிக்குச் செல்லும் சாலையில் சிறிது தூரம் நடப்பதற்குள் உட்கார்ந்துவிடுவார். "தம்பி, நோவு நெஞ்சிலே என்கிறார்கள், முதலில் ஓய்வது காலாக அல்லவா இருக்கிறது?" என்று அவர் ஒரு நாள் என்னைக் கேட்டார். மருத்துவ உலகமே நெடுநாள் விடை தேடிய கேள்வி அது.

தசைக்கு உணவு குளுக்கோசு. அதற்குத் திராட்சைச் சர்க்கரை என்றும் தமிழில் பெயர் உண்டு. எங்கள் ஊரார் இதில் சிறிது பெருமை கொண்டால் குற்றமில்லை. ஆனால் அச்சர்க்கரையைத் தசை நேரே செலவிட இயலாது. பத்தாயத்தில் நெல் நிறைந்திருக்கலாம். பேருந்து நடத்துநர் நெல்லை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுப்பாரா? சில்லறைதான் வேண்டும். தசையின் சில்லறை, அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருள். முழு வேகத்தில் உழைத்தால் கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்குள் தீர்ந்துவிடும். உடனே கைகொடுப்பது கிரியாட்டின் பாஸ்பேட் என்னும் மடிப்பணம். அதுவும் பத்து விநாடி அளவுக்கே தாங்கும். அப்பால் பிராணவாயுவைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்தே சில்லறை மாற்றியாக வேண்டும். அவ்வேலை நடைபெறும் இடம் உயிரணுவினுள் உள்ள மைட்டோகாண்ட்ரியா.

இவ்விரு பொருள்களையும் கண்டறிந்தோருள் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பதை நம் மாணவரில் எத்தனை பேர் அறிவர்? எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். 1922இல் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் ஆராய்ச்சி செய்தார். உடற்பொருள்களில் உள்ள பாஸ்பரத்தை நீல நிறத்தின் அடர்த்தியால் அளக்கும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். தசைச் சாற்றை அம்முறையில் சோதித்தபோது, நீலம் உரிய நேரத்தில் தோன்றாமல் மெல்ல மெல்லவே ஏறிற்று. மருந்தின் கோளாறு என்று பிறர் ஒதுக்கியிருப்பர். அவர்களோ அத்தாமதத்தையே துருவினர். எளிதில் சிதையும் கிரியாட்டின் பாஸ்பேட் 1927இல் வெளிப்பட்டது. இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் அதே ஆண்டில் அதைக் கண்டனர். அடினோசின் டிரைபாஸ்பேட்டை 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், தனியே இவ்விருவரும் அறிவித்தனர். அதுவரை லாக்டிக் அமிலமே தசையை இயக்குகிறது என்று அறிஞர் நம்பியிருந்தனர். அவ்வமிலம் தோன்றாமலே தசை சுருங்கும் என்பதை டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்டு 1930இல் காட்டியதும் அந்நம்பிக்கை சரிந்தது. சுப்பாராவுக்கு நோபெல் பரிசு கிட்டவில்லை, 1948இல் மறைந்தார்.

இனிப் பெரியவரின் காலுக்கு வருவோம். ஓய்வில் இருதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் அனுப்புகிறது. கடும் உழைப்பில் நலமுள்ள இளைஞனுக்கு அது 20 லிட்டர் வரை உயரும். தளர்ந்த இருதயத்தால் அவ்வாறு உயர்த்த இயலாது. ஆகவே காலுக்குப் பிராணவாயு போதவில்லை. விடை முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் இருதயத்தின் ஒவ்வொரு துடிப்பின் வலிமையை அளந்து, நோயாளி நடக்கும் தூரத்தோடு ஒப்பிட்டால் கணக்கு ஒத்துவரவில்லை!

1980களில் காந்த ஒத்ததிர்வு முறையால் உயிருள்ள தசையின் பாஸ்பரத்தை ஊசியின்றி அளக்க முடிந்தது. நோயாளியர் முன்கையைச் சிறிதளவு இயக்கியபோது, அங்கே செல்லும் இரத்தம் குறையாத நிலையிலும் மடிப்பணம் விரைவில் கரைந்தது. எனவே தசையே மாறிவிட்டது என்பது விளங்கிற்று. மைட்டோகாண்ட்ரியா குறைகின்றன, நெடுநேரம் உழைக்கவல்ல இழைகளின் பங்கு சுருங்குகிறது, தசையும் மெலிகிறது. மாற்று இருதயம் பொருத்திய பின்னும் கால்வலிமை உடனே திரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

படுக்கையே மருந்து என்ற பழைய விதி தசையை மேலும் மெலிவித்தது என்றே நான் கருதுகிறேன். 2,331 நோயாளியரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று, முறையான உடற்பயிற்சி அவர்களுக்குத் தீங்கற்றது என்று காட்டிற்று. நடக்கும் திறன் ஓரளவு கூடியது. உயிரிழப்புக் குறைந்தது என்று உறுதியாகச் சொல்லுமளவு வேறுபாடு தெரியவில்லை. நோய் நிலைபெற்றவர்க்கே, மருத்துவர் அளந்து தரும் பயிற்சி இது. கால் வீங்கி மூச்சு முட்டுபவர் தாமாகத் தொடங்கலாகாது.

அவ்வளவை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் நோயாளியை 6 நிமிடம் முன்னும் பின்னும் நடக்கச் செய்து, கடந்த தூரத்தைக் குறித்துக்கொள்வார்கள். இடையே நின்று இளைப்பாறலாம். கடிகாரம் மட்டும் நிற்காது.