ரேடியோ அயோடின் சாப்பிட்டவர் வீட்டுக்கு வரும்போது

மூன்று நாள் தனியறையில் இருந்துவிட்டு என் அத்தை வீடு திரும்பினார். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் முதல் காரியமாக, ஓடி வந்த பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பிள்ளைக்கு இரண்டரை வயது. பக்கத்தில் நின்று பையை வாங்கிய மருமகள் நான்கு மாதக் கர்ப்பிணி. குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகி இருக்கச் சொல்லும் தாள் அந்தப் பைக்குள்தான் இருந்தது, ஆங்கிலத்தில்.

அத்தைக்குத் தைராய்டு புற்றுநோய். சுரப்பியை அறுவை செய்து எடுத்தபின், மிச்சம் மீதி செல்களை அழிக்க ரேடியோ அயோடின் கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் அதை 'கரண்ட் வைக்கிறாங்க' என்றே சொன்னோம். நம் ஊரில் கதிர்வீச்சுச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பெயர்தான். குழப்பம் தொடங்குவதும் அந்தப் பெயரில்தான். கரண்ட் என்றால் சுவிட்சை அணைத்ததும் நின்றுவிட வேண்டும். எக்ஸ்ரே அப்படித்தான், அறையை விட்டு வெளியே வந்தால் நம்மிடம் எதுவும் ஒட்டியிருக்காது. ரேடியோ அயோடின் அப்படியல்ல. அது விழுங்கும் மருந்து. சாப்பிட்டவரின் உடம்பே சில நாளுக்குக் கதிர்வீச்சு தரும் பொருளாகிவிடுகிறது.

வேலை செய்யும் விதம் எளிது. தைராய்டு செல்லுக்கு அயோடின் மீது தீராத பசி. வருவது உப்பில் இருக்கும் சாதாரண அயோடினா, கதிரியக்கமுள்ள அயோடின்-131ஆ என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது, இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் வெளிப்படும் பீட்டா கதிர் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது, அந்த இடத்துச் செல்களை மட்டும் அழிக்கும். 1941ல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் தைராய்டு நோயாளிக்கு முதன்முதலாகக் கதிரியக்க அயோடின் கொடுத்த நாளிலிருந்து அடிப்படை இதுதான். ஆனால் அயோடின்-131 காமா கதிரையும் தருகிறது. அது உடம்பைக் கடந்து வெளியே வரும், மடியில் இருக்கும் குழந்தை வரை.

அயோடின்-131இன் அரை ஆயுள் 8 நாள். அதாவது 8 நாளில் கதிரியக்கம் பாதியாகும், அடுத்த 8 நாளில் அந்தப் பாதியும் பாதியாகும். நல்லவேளையாக, செல்கள் இழுக்காத அயோடினில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளிலேயே சிறுநீரில் போய்விடும். 30 மில்லிகியூரிக்கு மேல் கொடுத்தால் தனியறையில் வைத்திருப்பது அதற்காகத்தான். அந்த அறையின் கழிவறைத் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகாது; தனித் தொட்டியில் தேங்கி, கதிரியக்கம் குறைந்தபின்தான் திறந்துவிடப்படும். அத்தையை வெளியே அனுப்புமுன் ஒரு மீட்டர் தூரத்தில் கருவியைப் பிடித்து அளந்தார்கள். அனுமதித்த அளவுக்குக் கீழே வந்த பிறகே அனுப்பினார்கள். அனுமதித்த அளவு என்றால் பூஜ்யம் என்று பொருளில்லை. அதைத்தான் எங்களுக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை.

ஸ்கேனுக்காகக் கொடுக்கும் மருந்தை இதோடு சேர்த்துப் பயப்பட வேண்டாம். போன் ஸ்கேன் எனும் எலும்பு ஸ்கேனுக்கான டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். பெட் ஸ்கேனுக்கான ஃபுளோரின் ஊசி மருந்துக்கு 110 நிமிடம்தான். பெட் ஸ்கேனுக்குக் காலையில் அரை மணி தாமதமாகப் போனால் அவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது: மருந்து காத்திருக்காது. ஒரு போன் ஸ்கேனில் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 4 மில்லிசீவர்ட். மண்ணும் காற்றும் வானமும் சேர்ந்து நமக்கு ஆண்டுக்குத் தரும் உலகச் சராசரியே 2.4. மருத்துவர் தேவை என்று சொன்ன ஸ்கேனைப் பயந்து தள்ளிப்போடுவதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து.

ரேடியோ அயோடினில் தவறவே கூடாத இடம் கர்ப்பமும் தாய்ப்பாலும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் சிசுவின் தைராய்டும் அயோடினை இழுக்கத் தொடங்கிவிடும்; அதனால் கர்ப்பிணிக்கு இந்தச் சிகிச்சை கிடையாது. மருந்து தருமுன் கர்ப்பப் பரிசோதனை கேட்பார்கள். கல்யாணமாகாத பெண்ணிடம் கேட்டாலும் கோபப்படக் கூடாது. கேட்காமல் விட்டால்தான் கோபப்பட வேண்டும். பால் கொடுப்பதைச் சுமார் ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், அந்தக் குழந்தைக்கு மறுபடி கொடுக்கக் கூடாது. அடுத்த பிள்ளைக்குத் தடையில்லை. பெண்கள் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். ஆண்களுக்கும் சில மாதம் உண்டு, அதை வெட்கப்படாமல் கேளுங்கள். சமீபத்தில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த மருந்திலும் அயோடின் உண்டு. செல்கள் ஏற்கெனவே வயிறு நிறைந்திருந்தால் சிகிச்சை வீணாகும்.

இனி உரிமைகள். எந்தச் சிகிச்சைக்கும், அதன் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைச் சொல்லி நோயாளியின் சம்மதம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. புரியாத மொழியில் நீட்டிய தாளில் வாங்கும் கையெழுத்து, சம்மதம் ஆகாது என்பது என் கருத்து. கதிரியக்க மருந்து கொடுக்கும் மருத்துவமனைக்கு, 1983ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் இருக்க வேண்டும். அவரைப் பார்த்துப் பேசக் கேட்கலாம். எத்தனை மில்லிகியூரி கொடுத்தார்கள், எந்தத் தேதி வரை விலகி இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விமானப் பயணம் இருந்தால் சான்றிதழும் தேவை. சில வாரம் கழித்தும் விமான நிலையக் கருவி அலறக்கூடும். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதி.

தவறு நடந்தால்? கதிர்வீச்சுப் பாதுகாப்பு பற்றிய புகார் மும்பை அணுசக்தி நகரில் உள்ள வாரியத்துக்கு. மருத்துவரின் நடத்தை பற்றியது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை மீது அங்கே போக முடியாது; 1100 என்ற முதல்வரின் உதவி எண், அதிலும் தீராவிட்டால் நீதிமன்றம்தான் வழி.

அத்தை விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. அன்று மாலை தாளைப் படித்துப் பதறிப்போய் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். பாதுகாப்பு அதிகாரி பொறுமையாகப் பேசினார். "எவ்வளவு நேரம் தூக்கி வெச்சிருந்தாங்க?" அஞ்சு நிமிஷம் இருக்கும் என்றேன். "பரவாயில்லைங்க, பயப்படாதீங்க. இனிமே ரெண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும். தனிப் படுக்கை, தனித் தட்டு. நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க, டாய்லெட்ல ரெண்டு தடவை தண்ணி ஊத்தச் சொல்லுங்க." எந்தத் தேதி வரை என்று கேட்டேன். சொன்னார். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டோம். பேத்தி அதுவரை வாசற்படியில் நின்றே பாட்டியிடம் பேசினாள். மருமகள் அவள் அம்மா வீட்டுக்குப் போய் வந்தாள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை என்றால், மருந்து கொடுக்கும் நாளுக்கு முன்பே அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தமிழில் இல்லையென்றால், ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லி நீங்களே அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.