புள்ளிக் கோப்புகளும் பதிப்புக் கட்டுப்பாடும்

லினக்சு, மேக் ஓஎஸ் போன்ற யூனிக்சு வகை இயக்குதளங்களில், பயனர் தம் விருப்பப்படி செய்துகொள்ளும் அமைப்புகளில் பல சிறு உரைக் கோப்புகளாக அவருடைய இல்ல அடைவில் சேமிக்கப்படுகின்றன. .பாஷ்ஆர்சி, .விம்ஆர்சி, .கிட்கான்ஃபிக் என்று இவற்றின் பெயர்கள் புள்ளியில் தொடங்குவதால் இவை புள்ளிக் கோப்புகள் எனப்படும்.

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை இவற்றைக் காட்டாது. கண்ணில் படாததால் கணினி பழுதாகும்போது இவற்றை நகலெடுக்கவும் மறந்துவிடுகிறோம். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த அமைப்பு ஒரே நாளில் போய்விடும்.

இதற்குத் தீர்வாகப் பலரும் கையாள்வது பதிப்புக் கட்டுப்பாடு. ஜோயி ஹெஸ் என்னும் நிரலாளர் தம் இல்ல அடைவையே சிவிஎஸ் மென்பொருளில் வைத்திருந்ததைப் பற்றி 2002இல் லினக்ஸ் ஜர்னல் இதழில் எழுதினார். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் இன்று இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. எந்த வரியை எப்போது மாற்றினோம் என்பதை அது பதிந்து வைக்கும். மாற்றம் பிழையானால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம்.

எளிய வழி இது: தனி அடைவு ஒன்றை உருவாக்கி, அதைக் கிட் களஞ்சியமாக்கி, கோப்புகளை அங்கே நகர்த்த வேண்டும். பின்னர், அவை முன்பு இருந்த இடங்களில் குறியீட்டு இணைப்புகளை அமைக்க வேண்டும். மென்பொருள்கள் வழக்கமான இடத்திலேயே தேடும். இணைப்பு அவற்றைக் களஞ்சியத்துக்கு அழைத்துச் செல்லும். கோப்புகள் அதிகமானால் இணைப்பு வேலையைக் குனூ ஸ்டோவ் என்ற கருவியிடம் விடலாம். புதுக் கணினியில் களஞ்சியத்தைப் படியெடுத்து இணைப்புகளை அமைத்தால் போதும்.

மாணவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது கமுக்கத் தகவல்களை. எஸ்எஸ்எச் தனித்திறவுகோல், கடவுச்சொல், இணையச் சேவைகளின் அணுகல் குறி ஆகியவையும் புள்ளிக் கோப்புகளிலும் புள்ளி அடைவுகளிலும்தான் இருக்கின்றன. இல்ல அடைவிலுள்ள எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் சேர்த்து, கிட்ஹப் போன்ற தளத்தில் பொதுவில் ஏற்றினால் வீட்டுச் சாவியைத் தெருவில் தொங்கவிட்டது போலாகும். அடுத்த பதிவில் அக்கோப்பை நீக்கினாலும் பயனில்லை; பழைய பதிவில் அது அப்படியே இருக்கும். வரலாற்றைத் திருத்தி எழுதக் கருவிகள் உண்டு, ஆனால் அதற்குள் யாரேனும் படியெடுத்திருக்கக்கூடும். எனவே அந்தக் கடவுச்சொல்லையும் திறவுகோலையும் முதலில் மாற்ற வேண்டும். களஞ்சியத்தைச் சுத்தம் செய்வது அதன் பிறகுதான். தேவையான கோப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சேர்ப்பதும், விலக்க வேண்டியவற்றைத் தொடக்கத்திலேயே .கிட்இக்னோர் கோப்பில் எழுதிவிடுவதும் நல்லது.