நாயும் தலைமையும்: ஒரு சொல் நடந்த வழி

பணியிடத் தலைமை குறித்த பயிற்சிகளில் விலங்குகளைச் சான்று காட்டுவது இன்று பெருவழக்காகிவிட்டது. அவற்றுள் நாய்க்குத் தனியிடம் உண்டு. கூட்டத்தில் ‘ஆல்பா’ ஒன்று இருக்கும், மற்றவை அதற்கு அடங்கும், அலுவலகமும் அவ்வாறே இயங்கவேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் பாடம். பிறை தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளராகச் சேரவிருக்கும் புக்கிட் மெர்தாஜாம் மாணவரும், நாளை தலைமையாசிரியராகவிருக்கும் ஆசிரியரும் இப்பாடத்தை என்றேனும் கேட்கக்கூடும். ஆதலின் அச்சொல்லின் பிறப்பை ஆராய்தல் நமக்குக் கடன்.

ஆல்பா என்பது கிரேக்க நெடுங்கணக்கின் முதலெழுத்து. 1947ஆம் ஆண்டில் ருடால்ஃப் ஷெங்கல் என்னும் அறிஞர், சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக்காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கண்டு எழுதிய ஆய்வுரை இக்கருத்துக்கு வித்திட்டது. 1970இல் அமெரிக்கரான டேவிட் மெக் வெளியிட்ட நூல் அதனைப் பலரிடமும் கொண்டுசேர்த்தது. ஓநாயின் வழித்தோன்றல் நாய் என்பதால் சொல் நாய்க்கு வந்தது. நாயிடமிருந்து அலுவலகத்திற்கு வந்தது. ஆனால் அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைக்காலங்கள் அருகிருந்து நோக்கியபின், 1999இல் தம் பழைய கருத்தைத் தாமே மறுத்தெழுதினார். காட்டிலுள்ள கூட்டம் பெரும்பாலும் ஒரு குடும்பம். முன்செல்வன தாயும் தந்தையும், பின்செல்வன அவற்றின் குட்டிகள். அங்கே ஆல்பா என்பதற்குப் பெற்றோர் என்பதே பொருள். சொல்லைப் பரப்பியவரே அதனைக் கைவிட்ட பின்னும் பயிற்சி அறைகள் அதனை விடவில்லை.

நாயிடமிருந்தே கற்கவேண்டுமெனின், வியன்னாவில் ஃபிரீடரிக் ரேங்கும் உடனாய்வாளரும் செய்த சோதனையை நாம் பரிந்துரைப்போம். இரு நாய்களை அருகருகே அமர்த்தி, முன்னங்காலைக் கொடுக்குமாறு ஒருவர் கேட்கிறார். இரண்டும் கொடுக்கின்றன, ஒன்றுக்கு மட்டும் உணவு கிடைக்கிறது. சற்று நேரத்தில் மற்றது கால் கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. தனியே இருந்து எதுவும் பெறாதபோதோ, இன்னும் நெடுநேரம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒன்றுக்குக் கொத்திறைச்சியும் மற்றதற்கு ரொட்டியும் தந்தபோது இரண்டுமே முகஞ்சுளிக்கவில்லை. தரத்தில் உள்ள வேறுபாட்டை நாய் பொறுக்கிறது; தான் ஒருபொருட்டாக எண்ணப்படாமையைப் பொறுப்பதில்லை. (ஒரே வேலையைச் செய்த இருவருள் ஒருவர் பெயரை மட்டும் சபையில் கூறும் வழக்கத்தை அறியாதார் நம்முள் யார்?)

தமிழ் மரபில் நாய் பெரும்பாலும் பின்பற்றுவோனுக்கே உவமை. நாலடியாரின் நட்பாராய்தல் அதிகாரம், நெடுநாள் பழகிய பாகனையே கொல்லும் யானையைத் தவிர்க்கவும், தன்மேல் எறியப்பட்ட வேல் உடம்பில் இருக்கும்போதே வாலாட்டும் நாயைக் கொள்ளவும் சொல்கிறது. நட்பைத் தேர்வதற்குக் கூறப்பட்ட இவ்வுவமையை மேலதிகாரி தம் ஊழியர்க்குப் பொருத்துவாராயின் பொருள் திரியும். அப்போது வேலெறிந்தவரைக் கேள்வி கேட்பார் இல்லை. மகாபாரதத்தின் மகாப்பிரஸ்தானிக பருவம் இதனைத் திருப்பிப் போடுகிறது. தன்னை நம்பி வந்த நாயை விட்டுவிட்டு விண்ணுலகத் தேரில் ஏறமாட்டேன் என்கிறான் தருமன். நன்றி அங்கே தலைவனிடம் எதிர்பார்க்கப்படுகிறது.

எனில், குடும்பத் தலைமையே போதும் என்று கொள்ளலாமா? நம் மண்ணின் வரலாறு அதற்கு எளிதில் இடங்கொடாது. தோட்டங்களில் ஆட்களை நடத்தியவர் கங்காணி. கண்காணி என்பதன் மருவிய வடிவமே அது. கண்ணால் காப்பவர் என்பது பொருள். அவர் தம் ஊராரையும் உறவினரையும் அழைத்துவந்தார். மொழியும் சடங்கும் ஒன்று. ஓநாய்க் குடும்பத்தின் பெற்றோரைப் போன்ற நிலைதான். எனினும் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு கிடைத்தது. அழைத்து வந்தவர்கள் பலர் கடனோடு கப்பலேறியவர்கள். நோயுற்றவரை வீட்டிலிருக்க விடுவதா, எழுப்பி வேலைக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யவேண்டிய காலைப்பொழுதில் உறவும் வருமானமும் எதிரெதிரே நின்றன. உதவித்தொகையுடன் தொழிலாளர் குடியேறுவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்தபின் அம்முறை மங்கியது. சொல் மட்டும் இன்னும் வழக்கில் உள்ளது. இன்று அதனைப் பாராட்டாக எவரும் சொல்வதில்லை.