புதுவைக்கு மாநிலத் தகுதி எப்போது?

யானைக்கவுனியில் எம்மிடம் ஓதும் மாணவன் ஒருவன், நிக்காஹ் ஒன்றிற்காகக் காரைக்கால் சென்று திரும்பினான். வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டான்: "ஹஜ்ரத்! நாகூரிலும் காரைக்காலிலும் பேசுவது ஒரே தமிழ்தான். ஆனால் நாகூரைத் தாண்டி வாஞ்சூர் வந்ததும் ஆட்சி மாறிவிடுகிறதே, ஏன்?"

சிறுவனின் கேள்விதான்; ஆயினும் பெரியவர்களும் சிந்திக்க வேண்டிய ஒன்று.

புதுவை, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளும் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தவை. 1954 நவம்பர் முதல் நாள் அவற்றின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962இல் இணைப்பு சட்டப்படி முழுமை பெற்றது. மறு ஆண்டு, அவை சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசமாயின. அன்று தொடங்கிய அந்நிலை இன்றும் நீடிக்கிறது.

சட்டமன்றம் உண்டு, முதலமைச்சரும் உண்டு. பிறகென்ன குறை?

ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைப் பேரவையில் வைக்குமுன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும். நிதிக்குழு மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் வரிப் பங்கில் புதுவைக்கு இடமில்லை. மத்திய மானியத்தையே எதிர்பார்த்திருக்க வேண்டும். மக்கள் தேர்ந்தெடுக்கும் 30 பேருடன், மூவரை மத்திய அரசே நியமிக்கலாம். அவர்களுக்கும் வாக்குரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அதன் விளைவை 2021 பிப்ரவரியில் கண்டோம். உறுப்பினர் சிலர் பதவி விலகியபின், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டோரில் ஆளும் தரப்பில் பேரவைத் தலைவர் உட்பட 12 பேர்; எதிர்த் தரப்பில் 11 பேர். நியமன உறுப்பினர் மூவர் சேர்ந்ததால் எதிர்த் தரப்பு 14 ஆயிற்று, அரசு வீழ்ந்தது. எக்கட்சி வென்றது என்பதன்று நம் கேள்வி. மக்கள் அளித்த வாக்கின் எடை என்ன என்பதே கேள்வி.

சிறிய பகுதி என்பதால் மாநிலமாக முடியாதா? 2011 கணக்கெடுப்பின்படி புதுவையின் மக்கள்தொகை ஏறத்தாழ 12.5 லட்சம், சிக்கிமில் அதில் பாதிதான். சிக்கிமோ 1975 முதல் மாநிலம்! யூனியன் பிரதேசமாயிருந்த கோவாவும் 1987இல் மாநிலமாயிற்று. மாநிலமானால் மானியம் குறையும், கடன் சுமை கூடும் என அஞ்சுவோரும் உளர். அவ்வச்சத்தைப் புறந்தள்ள முடியாது. எனினும் புதுவைச் சட்டமன்றம் பன்முறை மாநிலத் தகுதி கோரித் தீர்மானம் நிறைவேற்றியுள்ளது.

அமெரிக்காவிலும் இக்குறை உண்டு. தலைநகர் வாஷிங்டனில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் வாழ்கின்றனர். மத்திய வரி செலுத்துகின்றனர். குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையே 1961இல்தான் கிட்டியது. செனட்டில் அவர்களுக்கு இடமில்லை. பிரதிநிதிகள் சபையில் அமரும் ஒருவருக்கோ சட்டங்களின்மீது வாக்களிக்கும் உரிமையில்லை. அவர்களினும் குறைந்த மக்கள் வாழும் வயோமிங் மாநிலத்திற்கு இரு செனட்டர்கள்!

இது நமக்குத் தொலைவான செய்தி என எண்ண வேண்டாம். ஆந்திரம் பிரிந்தபோது சென்னையை மத்திய ஆட்சிப் பகுதியாக்க வேண்டும் என்ற யோசனையும் எழுந்தது. கூவத்தை எல்லையாக்கி வடசென்னையை ஆந்திரத்திற்குத் தர வேண்டும் என்றும் ஒரு சாரார் கோரினர். ராஜாஜி, மேயர் செங்கல்வராயன், ம.பொ.சி. முதலியோர் உறுதியாக நின்றனர். 1953 அக்டோபரில் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் பிறந்தது. சென்னை நம்மிடமே நின்றது. இன்றேல், கூவத்தின் வடக்கேயுள்ள யானைக்கவுனியின் கதையே வேறாகியிருக்கும்.

இவற்றையெல்லாம் கூறி முடித்ததும் மாணவன் சொன்னான்: "அப்படியானால் நம் வாக்குக்கு அவர்கள் வாக்கைவிட மதிப்பு அதிகம் ஹஜ்ரத்!"

ஆம். பிறர் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டும் கிடைக்காதது நம் கையில் அமானிதமாக இருக்கிறது. தேர்தல் நாளை விடுமுறை நாளாக எண்ணி வீட்டில் இருந்துவிடுவோர், காரைக்காலில் வாழும் தம் உறவினரை ஒருகணம் நினைத்துப் பார்க்கட்டும்.