பழைய அம்பாசிடரும் துருவும்: வண்ணம் நீக்குமுன் வகுக்க வேண்டிய திட்டம்

மேற்கு வங்காளத்தில் கொல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கி, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரை அறியாத அரசுப் பணியாளர் நம் நாட்டில் அரியர். மாவட்ட அலுவலகங்களின் முற்றங்களில் நின்ற அவ்வெண்ணிற வண்டி இன்று சேகரிப்போர் விரும்பித் தேடும் பொருளாகிவிட்டது. ஓய்வு பெற்ற ஒருவர் தம் தந்தையாரின் 'மார்க் 1' வண்டியை மீண்டும் ஓடச் செய்ய விழைகிறார். தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் மாணவரைக் கொண்டு அத்தகைய பணியைச் செய்விக்க எண்ணுகிறார். ஆர்வம் மிக்க இவர்கள் பெரும்பாலும் முதல் நாளே செய்துவிடும் வேலை ஒன்றுண்டு. வண்டி முழுவதிலுமுள்ள வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிடுதலே அது. திட்டம் பிழைபடுவதும் அங்கேதான்.

வண்ணம் அகன்ற இரும்புத் தகடு பார்வைக்கு வெள்ளி போல் ஒளிரும். மழைக்காலமாயின், மறுநாள் காலையிலேயே அதன்மீது செம்மஞ்சள் நிறப் படலம் ஒன்று தோன்றிவிடும். வண்ணம் எத்துணைப் பழுதுற்றதாயினும் அது ஓர் உடை. மாற்றுடை ஆயத்தமாகுமுன் அதனைக் களைதல் ஆகாது. மழைக்குமுன் தோலுரிக்கப்பட்டு, பின்னர்ப் பணமும் பொழுதும் போதாமல் கொட்டகையில் நின்று, பழைய வண்ணத்தோடு இருந்தகாலை அடைந்ததைவிட மிகுந்த கேட்டினை ஒரே பருவத்தில் அடைந்த வண்டிகள் உண்டு.

துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்ச்சியாகும். தகட்டின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில், ஓரிடத்திலுள்ள இரும்பு கரைகின்றது. அண்டையிலுள்ள மற்றோரிடத்தில் காற்றின் ஆக்ஸிஜன் எதிர்மின்னணுக்களை ஏற்கின்றது. நீர்ப்படலம் உண்டாவதற்கு மழை பெய்ய வேண்டுமென்பதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைக் கடப்பின், கண்ணுக்குப் புலப்படாத அளவு நீரே போதும். உப்பு கலந்தால் மின்னோட்டம் எளிதாகும், கேடும் விரைவுறும். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம்: நன்கு தேய்த்த தகட்டின்மீது வியர்த்த விரலை ஒருமுறை அழுத்தி, ஈரக் காற்றில் சில நாட்கள் வைத்தால், விரற்கோடுகள் துருவினால் வரையப்பட்டுத் தோன்றும். காரைக்குடியில் 1953-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மத்திய மின்வேதி ஆராய்ச்சி நிலையத்தார், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் நிறுத்தி இக்கேட்டினை ஆராய்ந்துள்ளனர். ஆகவே, பூரியிலோ மண்டபத்திலோ காலங்கழித்த வண்டிக்கும் ஜெய்ப்பூரில் நின்ற வண்டிக்கும் ஒரே திட்டம் பொருந்தாது.

முதற்பணி ஆய்வு. அதற்குச் சுரண்டியும் அமிலமும் வேண்டியதில்லை. ஒரு காந்தம், மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர், கைவிளக்கு, சாக்குக்கட்டி, குறிப்பேடு ஆகியவை போதும். மெல்லிய தாளில் சுற்றிய காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்துக. அது பற்றாத இடத்தில் இரும்புக்கு மேல் பட்டி தடிப்பாகப் பூசப்பட்டுள்ளது என்றறியலாம். தரைவிரிப்பையும் அதனடியிலுள்ள கம்பளத்தையும் தூக்கிப் பார்த்தல் வேண்டும். கதவின் அடிவிளிம்பு, டிக்கியின் தரை, சக்கர வளைவுகள், மின்கலத் தட்டு, முன்கண்ணாடியின் ரப்பருக்குக் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் நீர் தங்கும். துருவும் அங்கேயே தங்கும். வண்ணம் கொப்புளித்த இடத்தில் உள்ள கேடு, கொப்புளத்தைவிடப் பெரும்பாலும் பரந்தது. துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், இரு தகடுகள் சேரும் பொருத்துவாயையே பிளந்துவிடும்.

இவையனைத்தினும் முதன்மையானவை கதவுகளுக்கடியில் முன்னும் பின்னுமாக ஓடும் பெட்டி போன்ற உட்கூடுகள். பழைய ஜீப்பில் கனத்த அடிச்சட்டம் தனியே உண்டு; உடல் அதன்மேல் அமர்ந்திருக்கும். மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அம்பாசிடருக்கோ, உடலும் சட்டமும் ஒன்றே. வண்டியின் சுமையைத் தாங்குவதில் கதவடிப் பெட்டிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகளும் தரைக்கடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் பிணிக்கப்பட்டுள்ளன. இவ்விடங்களில் துருவைப் பட்டியால் மூடி வண்ணம் பூசுதல் அழகைக் கெடுக்கும் பிழையன்று. உயிரைக் கெடுக்கும் பிழை.

ஆகவே, வெட்டுதலும் வெல்டிங்கும் வண்ணம் நீக்குவதற்கு முன்னே வருதல் நன்று. ஒட்டுப் போடும் இடத்தைச் சுற்றி நாலு விரற்கடை அளவே அப்பொழுது சுரண்டினால் போதும். கதவுகளுக்கும் தூண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளிகளை அளந்து குறித்துக்கொள்க. பின்னர்க் கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டங்களைப் பொருத்தி உடலை அசையாமல் இறுக்குக. வண்டியை நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்காமல், சக்கரங்கள் தாங்கும் இடங்களிலேயே முட்டுக் கொடுத்தல் வேண்டும். ஒரு பக்கத்துப் பெட்டியை வெட்டிப் புதுத் தகடு வைத்து முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடலாம். இரண்டையும் ஒருங்கே வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்துவிடும். அதன்பின் கதவுகள் மூடுவதில்லை. முறுக்குக் கம்பியின் இறுக்கத்தைத் தளர்த்தும் பணி, பழகிய மெக்கானிக்குக்கு உரியது, மாணவர்க்கு உரியதன்று. பெட்ரோல் தொட்டியைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் வெல்டிங் தீயை அருகே கொணர்தல் கூடாது.

ஒவ்வொரு நிலையிலும் ஒளிப்படம் எடுத்து வைத்தல் பயன் தரும். சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டி 'விண்டேஜ்' வண்டியாக ஏற்கப்படும். ஆயின் அது மூல வடிவில் இருத்தல் வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்டிருத்தல் கூடாது. பழைய வடிவிலேயே தகடு மாற்றப்பட்டது என்பதற்குப் படமே சான்று.

இனி வண்ணம் நீக்குதல். இதனை மழை ஓய்ந்து காற்று உலர்ந்த மாதங்களுக்கு ஒதுக்குக. கொல்கத்தாவிலாயின் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஒரு நாளில் எத்துணைப் பரப்பிற்குப் பிரைமர் பூச முடியுமோ, அத்துணைப் பரப்பையே அன்று காலை சுரண்டுதல் வேண்டும். இன்று ஒரு கதவு, நாளை ஒரு மட்கார்டு எனச் செல்லும் மெதுவான முறைதான் இது. பொறுமையற்றோர்க்கு இது பிடிப்பதில்லை.

பழைய வண்ணத்திலும் பிரைமரிலும் ஈயச் சேர்மங்கள் இருக்கக்கூடும். ஆதலின் உலர் தூள் பறக்கும்படி தேய்த்தலும், ஊதுவிளக்கால் எரித்தலும் தீது. பின்னது மெல்லிய தகட்டையும் நெளியச் செய்யும். உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் தூள் அடங்கும். ஆயினும் இரும்பு வெளிப்பட்டவுடன் துடைத்து உலர்த்திவிட வேண்டும். மெத்திலீன் குளோரைடு கலந்த நீக்கிகள் விரைந்து வேலை செய்பவை. ஆனால் அப்பொருள் சுமார் 40 பாகை வெப்பத்திலேயே கொதிப்பது. நம் கொட்டகைகளில் எளிதில் ஆவியாகும். காற்றினும் கனத்த அவ்வாவி பழுதுபார்க்கும் குழியில் தேங்கும். உடலினுள் சென்றபின் கார்பன் மோனாக்ஸைடாக மாறும். அமெரிக்காவில் வீட்டுப் பயனுக்கான இத்தகைய நீக்கிகள் 2019-இல் தடை செய்யப்பட்டன. மணல் வீச்சைப் பொறுத்தவரை, மணற்றூள் நுரையீரலைக் கெடுப்பதால் பிரிட்டனில் 1949-ஆம் ஆண்டு விதிகள் அதனை விலக்கின. நோய் ஒருபுறமிருக்க, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்பே உள்ள பானட் தகடு மிகுவிசை வீச்சால் உப்பி நெளிந்துவிடும், நிமிர்த்துவது அரிது.

சிறு உறுப்புகளுக்கு மின்பகுப்பு முறை எளிது. சலவைச் சோடாக் கரைசலில் உறுப்பைத் தொங்கவிட்டு மின்கல மின்னேற்றியின் எதிர்முனையோடு இணைக்க. பழைய இரும்புத் துண்டு நேர்முனையாகட்டும். எவர்சில்வரை நேர்முனையாக வைத்தால் நச்சுள்ள குரோமியச் சேர்மம் உண்டாகும். வெளிப்படும் ஹைட்ரஜன் தீப்பற்றுவதாதலின், திறந்த வெளியில் இதனைச் செய்க. நல்ல இரும்பை இம்முறை தின்பதில்லை.

சுரண்டிய தகட்டில் குழிகளுக்குள் எஞ்சிய துருவைப் பாஸ்பாரிக் அமிலம் கொண்டு மாற்றி, நன்கு துடைத்து உலர்த்தி, எபாக்சி பிரைமர் பூசுதல் நலம். பட்டி நீரை உறிஞ்சும். சாதாரண செங்காவிப் பிரைமரும் நீரை முற்றும் தடுப்பதன்று. இவ்விரண்டோடு வண்டியை மழையில் நிறுத்தினோர் மேல்வண்ணத்தின் அடியில் மீண்டும் கொப்புளம் கண்டனர்.

மேல்வண்ணம் காய்ந்த பின்னர்க் கதவடிப் பெட்டிகளுக்குள் மெழுகெண்ணெயை நீண்ட குழாய் வழியே பீய்ச்சி, கசிவு நின்றதும், கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகளை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிடுக. பெயிண்டர் அவற்றை அடைத்துவிட்டிருப்பார்.