தொட்டிலும் சட்டமும் – 6: வாரத்துக்கு 15 மணி நேரம்

ஸ்வீடனில் குழந்தை பிறந்தால் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் உதவித்தொகையுடன் விடுப்பு உண்டு என்று சென்ற இதழில் பார்த்தோம். அம்மாவோ அப்பாவோ கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறார். அப்படியானால் மூத்த பிள்ளை? அதுவரை காலை முதல் மாலை வரை ‘ஃபோர்ஷ்கூலா’ என்னும் மழலையர் பள்ளியில் இருந்த பிள்ளையின் அன்றாடம் இப்போது என்ன ஆகும்?

‘அதுதான் வீட்டில் ஆள் இருக்கிறதே’ என்று சொல்வது எளிது. ஒரு காலத்தில் ஸ்வீடனின் பல நகராட்சிகளும் அப்படித்தான் நினைத்தன. தம்பியோ தங்கையோ பிறந்ததும் மூத்த பிள்ளை பள்ளி இடத்தை இழந்தது. 2002 ஜனவரியில் அது மாறியது. பெற்றோர் விடுப்பில் இருந்தாலும், ஒரு வயது நிரம்பிய மூத்த பிள்ளைக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரமோ வாரத்துக்கு 15 மணி நேரமோ குறைந்தபட்சம் பள்ளியில் இடம் தர வேண்டும் என்பது சட்டமானது.

இந்த மாற்றத்துக்கு முன்பே அடித்தளம் போடப்பட்டிருந்தது. சமூக நல அமைச்சகத்தின் கீழ் இருந்த மழலையர் பள்ளிகள் 1996-ல் கல்வி அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டன. 1998-ல் அவற்றுக்கென நாடு தழுவிய பாடத்திட்டம் வந்தது. கல்வி என்று ஒப்புக்கொண்ட பிறகு, ‘அம்மா வீட்டில் இருக்கிறார், நீ வராதே’ என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்ல முடியும்?

அந்த 15 மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பெற்றோரின் உண்மையான தலைவலி.

தினம் 3 மணி நேரம், 5 நாள் என்பது ஒரு வழி. பிள்ளைக்குப் பழக்கம் அறுபடாது; நேற்று பாதியில் விட்ட விளையாட்டை இன்று தொடரலாம். ஆனால் பனிக்காலத்தில் மூன்று மணி நேரம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். திணிப்பு வைத்த முழு உடுப்பு, பூட்ஸ், கையுறை, தொப்பி எல்லாம் மாட்டி வெளியே விளையாடி, உள்ளே வந்து கழற்றுவதற்குள் அழைத்துப்போகும் நேரம் வந்துவிடும். கொண்டுவிட ஒரு முறை, கூட்டிவர ஒரு முறை என்று போய்த் திரும்பினால் வாரத்துக்கு 20 நடை. ஒவ்வொன்றிலும் கைக்குழந்தையும் தள்ளுவண்டியில் கூடவே வரும். அதன் காலைத் தூக்கம் கலையும் நேரமும் பெரும்பாலும் அதுதான்.

மற்றொரு வழி, 5 மணி நேரம் வீதம் 3 நாள். நடை 12 ஆகக் குறையும். மதியச் சாப்பாடு, அதன்பின் ஓய்வு, கதை நேரம் என்று பள்ளியின் ஒரு நாள் பிள்ளைக்கு ஏறக்குறைய முழுதாகக் கிடைக்கும். வீட்டில் சின்னதோடு நிம்மதியாக இருக்கவும் முடியும். இழப்பும் உண்டு: மற்ற பிள்ளைகள் காட்டுக்கு உலாப் போவது வராத நாளில் அமைந்தால், அது கைநழுவிப் போகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் எப்போதும் பெற்றோர் கையில் இல்லை. பல இடங்களில் நகராட்சியோ பள்ளியோதான் நேரத்தை வகுக்கிறது. சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். கூடுதலாகத் தரத் தடையில்லை. தலைநகர் ஸ்டாக்ஹோம் இத்தகைய பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 30 மணி நேரம் தருகிறது. வேறு பல ஊர்கள் 15-ஓடு நிறுத்திக்கொள்கின்றன. ஒரே நாட்டில், ஒரே பாடத்திட்டத்தில், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பதில் பாதிதான் இன்னொன்றுக்கு. அடித்தளமாகப் போட்ட அளவைக் கூரையாக்கிவிடுவது பிள்ளைக்கு இழைக்கும் அநீதி. வீட்டில் ஸ்வீடிஷ் பேசாத குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த மொழி காதில் விழும் நேரமே அதனால் சுருங்குகிறது.

மூன்று வயதாகும் ஆண்டின் இலையுதிர் பருவத்திலிருந்து நிலைமை சற்று இலகுவாகும். ஆண்டுக்குக் குறைந்தது 525 மணி நேரம் கட்டணமின்றிக் கிடைக்கும். உடல், மனம் அல்லது வேறு காரணத்தால் தனி உதவி தேவைப்படும் பிள்ளைக்குப் பெற்றோரின் விடுப்பைப் பொருட்படுத்தாமல் பள்ளியில் இடம் தரவும் சட்டத்தில் வழி இருக்கிறது. இதை அறிந்து, காரணம் எழுதி, நகராட்சியிடம் கேட்பது பெற்றோரின் வேலை.

வீட்டில் இன்னொரு கை இருந்தால் இந்தக் கணக்கு முழுதும் மாறும். 2024 ஜூலையிலிருந்து, பெற்றோர் ஒவ்வொருவரும் தம் விடுப்பு நாள்களில் 45 வரை பாட்டி, தாத்தா போன்ற வேறொருவருக்கு மாற்றித்தர ஸ்வீடன் வழி செய்திருக்கிறது. அந்த ஏற்பாடு யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)