சப்வூஃபர் வயரை எங்கே செருகுவது?

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் சப்வூஃபர் வாங்கி வந்ததும் ஆம்ப்பைத் திருப்பி அதன் முதுகைத்தான் முதலில் பார்ப்பார்கள். பெரும்பாலும் அங்கே ‘சப் அவுட்’ என்று எதுவும் இருக்காது. “ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கிடுங்க சார்” என்று கடையில் சொல்வார்கள். அந்தச் செலவு தேவையில்லை.

முதலில் சப்வூஃபரைப் பாருங்கள். அதற்கென்று தனி கரன்ட் வயர் இருந்தால் உள்ளேயே ஆம்ப் இருக்கிறது, அது ஆக்டிவ். இல்லையென்றால் பாசிவ்; அதை ஓட்ட வேறொரு ஆம்ப் வேண்டும். பாசிவ் பெட்டியை ஏற்கெனவே ஸ்பீக்கர்கள் மாட்டியிருக்கும் முனைகளிலேயே சேர்த்து முறுக்கிவிட்டால் ஓம் அளவு இறங்கி ஆம்ப் கொதிக்கும். இனி சொல்வதெல்லாம் ஆக்டிவ் வகைக்கு.

ரிசீவர் இருந்தால் வேலை சுலபம். அதன் ‘சப் அவுட்’டிலிருந்து சப்வூஃபரின் ‘எல்எஃப்இ’ ஜாக்குக்கு ஒரே ஓர் ஆர்சிஏ வயர். ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்று வைத்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். ஆளுயர ஸ்பீக்கர் வாங்கியவருக்கு ‘ஸ்மால்’ என்று போட மனசு வராதுதான். ஆனால் அது கீழ் ஒலிகளைச் சப்வூஃபருக்கு அனுப்பச் சொல்லும் உத்தரவு. ஸ்பீக்கரின் மதிப்பைக் குறைப்பதல்ல.

ஸ்டீரியோ ஆம்ப்பில் ‘ப்ரீ அவுட்’ இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதிலிருந்து எடுக்கலாம். வால்யூமைத் திருப்பும்போது சப்வூஃபரும் கூடவே ஏறி இறங்கும். பக்கத்திலேயே ‘டேப் அவுட்’ இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் பலர் அதில் செருகிவிடுகிறார்கள். ரெக்கார்ட் செய்வதற்கான ஜாக் அது. வால்யூம் குமிழுக்குக் கட்டுப்படாது. பாட்டைச் சுத்தமாகக் குறைத்த பிறகும் மூலையில் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருக்கும்.

ப்ரீ அவுட்டும் இல்லையா? இருக்கவே இருக்கிறது ஸ்பீக்கர் முனை. பல சப்வூஃபர்களின் முதுகில் ‘ஹை லெவல்’ என்று சிவப்பும் கறுப்புமாக முனைகள் இருக்கும். ஆம்ப்பை அணைத்துவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் முனைகளிலேயே இன்னொரு ஜோடி வயரை மாட்டி அங்கே கொண்டுபோங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. சப்வூஃபரின் அந்த நுழைவு பெரும்பாலும் ஆயிரக்கணக்கான ஓம் கொண்டது; எனவே ஆம்ப்புக்குச் சுமை ஏறாது. ஆம்ப்பின் குணமும் அப்படியே சப்வூஃபருக்குப் போவதால், ரிசீவர் வைத்திருக்கும் சிலரும் இந்த வழியையே விரும்புகிறார்கள்.

இரண்டு எச்சரிக்கை. டிஜிட்டல் ஆம்ப் எனப்படும் கிளாஸ் டி வகைகள் பலவற்றில் கறுப்பு முனை எர்த்தோடு சேர்ந்திருக்காது. அதில் இடது, வலது கறுப்புகளை ஒன்றாக்கினால் ஆம்ப் போய்விடலாம். மேனுவலைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். அடுத்தது, ஸ்பீக்கர் வயரை ஆர்சிஏ ஜாக்கில் நேராகக் கொடுக்கவே கூடாது. சப்வூஃபரில் ஆர்சிஏ மட்டும்தான் என்றால், கார் ஆடியோ கடைகளில் ‘ஹை டு லோ கன்வர்ட்டர்’ கிடைக்கும்.

மாட்டியாயிற்று. உங்கள் ஸ்பீக்கர் 60 ஹெர்ட்ஸ் வரை இறங்குமானால் சப்வூஃபரின் கட்-ஆஃப் குமிழை அங்கிருந்தே தொடங்குங்கள். செய்தி வாசிப்பவரின் குரல் சப்வூஃபர் பக்கமிருந்து வந்தால் குமிழ் மேலே நிற்கிறது என்று அர்த்தம். ஃபேஸ் சுவிட்சுக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் சோபாவில் உட்கார, மற்றவர் 0, 180 என்று மாற்ற வேண்டும். எதில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி. பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். கிட்டார் நடைபோடும் எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

குழம்பிக் கேட்டால் வயரைச் சந்தேகிக்காதீர்கள், அறையைச் சந்தேகியுங்கள். 14 அடி நீள அறையில் 40 ஹெர்ட்ஸ் ஒலி சுவருக்குச் சுவர் மோதி, ஓரங்களில் தடித்தும் நடுவில் மெலிந்தும் நின்றுவிடும். நம் வீட்டுச் சிமென்ட் சுவர்கள் அதை உறிஞ்சுவதே இல்லை. இதற்கொரு வைத்தியம்: சப்வூஃபரைச் சோபாவின்மேல் ஏற்றிவைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். பேஸ் எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அங்கேதான் பெட்டிக்கு இடம். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

பாட்டே போடாமல் ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் எர்த் வழியாக வரும் சிக்கலாக இருக்கலாம். டிவியும் சேர்ந்திருந்தால் செட்-டாப் பாக்ஸின் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். அந்த வயரில் ஓர் ஐசொலேட்டர் போட்டால் தீரும். சத்தம் போகிறதே என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஷாக் அடித்தால் காப்பாற்றுவது அந்தப் பின்தான்.